கண்டதை உடனே சொன்னவர்!

குழந்தைகளே... மணலி புதுநகரிலிருந்து எண்ணூர் கடற்கரை அதிக தூரம் இல்லை. அங்கே நின்று பார்த்தால், தொலைவில் கடல் நீலமாகத் தெரியும். ஆனால், தெளிந்த கடல் நீரை ஒரு டம்ளரில் மொண்டு பாருங்கள், நிறமே இருக்காது! அப்படியானால், கடலுக்கு நீல நிறம் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டு, நோபல் பரிசு வரை போன தமிழர்தான் சர் சி.வி.ராமன்.

1888-ம் ஆண்டு நவம்பர் 7-ம் தேதி, திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் ராமன் பிறந்தார். தந்தை சந்திரசேகரன், கல்லூரி ஆசிரியர். தாயார் பார்வதி அம்மாள். தந்தைக்கு விசாகப்பட்டினத்தில் வேலை கிடைத்ததால், ராமனின் பள்ளிப் படிப்பு அங்கே நடந்தது. பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 1904-ல் பி.ஏ. தேர்வில் இயற்பியலுக்கான தங்கப் பதக்கம் பெற்றார்.

படித்தோம், மார்க் வாங்கினோம் என்று அவர் இருந்துவிடவில்லை. கல்லூரி ஆய்வகத்தில் ஒளியை வைத்துத் தானாகவே சோதனைகள் செய்தார். பார்த்ததைக் கட்டுரையாக எழுதி, லண்டனிலிருந்து வெளிவந்த, 'பிலசாபிகல் மேகஸின்' என்ற அறிவியல் இதழுக்கு அனுப்பினார். 1906-ல் அது அச்சாகி வந்தது. அப்போது அவருக்கு வயது 18!

ஆனால், அந்தக் காலத்தில் ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க முடியாது. அதனால், 1907-ல் அரசு நிதித் துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். நல்ல சம்பளம், பெரிய பதவி. ஒருநாள், பவ்பஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப் பலகை அவர் கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876-ல் தொடங்கிய நிறுவனம் அது. அவ்வளவுதான்... காலையில் ஆய்வகம், பகலில் அலுவலகம், மாலையில் மறுபடியும் ஆய்வகம் என்று ராமனின் நாட்கள் ஓடின. வயலின், வீணை, மிருதங்கம், தபலா ஆகியவற்றில் ஒலி எப்படிப் பிறக்கிறது என்பதைக்கூட ஆராய்ந்தார்.

1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. சம்பளமோ, பார்த்த வேலையைவிடக் குறைவு. ராமன் தயங்கவில்லை. அரசு வேலையை விட்டுவிட்டார்.

1921-ல் இங்கிலாந்து போய்விட்டு, 'நார்குண்டா' என்ற கப்பலில் திரும்பிக் கொண்டிருந்தார். சுற்றிலும் நீலக் கடல். வானத்தின் நீலம் தண்ணீரில் தெரிவதால்தான் கடல் நீலமாக இருக்கிறது என்று, ராலே என்ற பெரிய விஞ்ஞானி சொல்லியிருந்தார். அது சரியா என்று பார்க்க நினைத்தார் ராமன். சிறிய பட்டகம் ஒன்றின் வழியே கடலைப் பார்த்து, மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியைத் தடுத்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது! தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது. வீடு போய்ச் சேரட்டும் என்று காத்திருக்கவில்லை. கப்பல் பம்பாய் துறைமுகத்தில் நிற்கும்போதே, 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

அடுத்த ஏழு ஆண்டுகள், ஒளிச் சிதறலே அவரது ஆராய்ச்சி. விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ்.கிருஷ்ணனும் அவருடன் உழைத்தார். ஒரே நிற ஒளியைத் திரவத்துக்குள் செலுத்தினால், சிதறி வரும் ஒளியில் மிக மிகச் சிறிய பங்கு மட்டும் நிறம் மாறி வருகிறது என்று கண்டனர். 1928 பிப்ரவரி 28-ம் தேதி அது உறுதியானது. இதுதான், 'ராமன் விளைவு!'

இங்கேதான் சுவாரசியம்... அதே பிப்ரவரியில், ஒரு வாரம் முன்னதாகவே, ரஷ்யாவின் மாஸ்கோ நகரில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஸ்டாம் என்ற இரு விஞ்ஞானிகள் இதே விளைவைப் படிகங்களில் பார்த்திருந்தனர். இவர்களுக்கு அவர்களைத் தெரியாது. அவர்களுக்கு இவர்களைத் தெரியாது. ஆனால், மாஸ்கோ கட்டுரை வெளிவரச் சில மாதங்கள் ஆயின.

ராமன் என்ன செய்தார் தெரியுமா? மறுநாளே செய்தித்தாள்களுக்குச் சொன்னார். மார்ச் 16-ம் தேதி பெங்களூரில் விஞ்ஞானிகள் முன் விளக்கினார். 1926-ல் தானே தொடங்கியிருந்த, 'இந்திய இயற்பியல் இதழில்' அந்த உரையை அச்சிட்டு, பிரதிகளைப் பல நாட்டு விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார். 'நேச்சர்' இதழில் வந்த முதல் குறிப்பில், கிருஷ்ணன் பெயரையும் சேர்த்தே போட்டார். 1930-ல் நோபல் பரிசு ராமனுக்குக் கிடைத்தது. அறிவியலில் அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே!

தன் ஆராய்ச்சியை வெளியிட்டால் போதும் என்று ராமன் நினைக்கவில்லை. நம் நாட்டில் யாரோ ஒருவர் செடியை ஆராய்வார். வேறொருவர் பாறையை ஆராய்வார். இன்னொருவர் நோயை ஆராய்வார். ஒருவர் கண்டது மற்றவருக்குத் தெரிய வேண்டாமா? அதற்காக, அவர் உள்ளிட்ட விஞ்ஞானிகளின் முயற்சியால், 1932-ல் பெங்களூரில் 'கரண்ட் சயின்ஸ்' இதழ் தொடங்கப்பட்டது. எல்லாத் துறைப் புதுச் செய்திகளும் ஒரே இதழில் வந்தன. இன்றும் அது வெளிவருகிறது. 1934-ல் இந்திய அறிவியல் அகாடமியை ராமன் நிறுவினார். துவக்கத்தில் 65 பேர் உறுப்பினர்கள். இப்போது பல துறைகளுக்குத் தனித்தனி இதழ்களை அது நடத்துகிறது.

1954-ல் பாரத ரத்னா பெற்ற ராமன், 1970 நவம்பர் 21-ம் தேதி பெங்களூரில் மறைந்தார். பிப்ரவரி 28-ம் தேதியைத் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம்.

ஒவ்வொரு மனிதருக்கும் தனிக் கைரேகை இருப்பது போல, ஒவ்வொரு பொருளும் ராமன் விளைவில் தனி அடையாளம் காட்டும். அதனால், மணலியில் நீங்கள் பார்க்கிற ஆலைகளைப் போன்ற எண்ணெய், ரசாயனத் தொழில்களில் பொருள்களைச் சோதிக்கவும், போலி மருந்தைக் கண்டுபிடிக்கவும் உலகெங்கும் இது பயன்படுகிறது. ராமன் கண்டதைத் தன் நோட்டுப் புத்தகத்திலேயே பூட்டி வைத்திருந்தால், இவ்வளவு பேருக்கு அது பயன்பட்டிருக்குமா?

நீங்களும் புதிதாக எதையாவது கவனித்தால், தேதி போட்டு எழுதி வையுங்கள்; ஆசிரியரிடமும் நண்பர்களிடமும் சொல்லுங்கள். உடன் உழைத்தவர் பெயரைச் சொல்லவும் மறக்காதீர்கள்... சரியா!