எல்லைக் காந்தி கான் அப்துல் கபார் கான்

பத்தான்களைப் பற்றி நம்மில் பலர் பள்ளிப் பருவத்திலேயே கேட்டிருக்கிறோம். கைபர் கணவாயை அடுத்த மலைநாட்டவர். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காதவர். பழிக்குப் பழி வாங்குவதையே மானமாகக் கருதியவர். அந்த மக்களைக் கொண்டே ஆயுதமில்லாத ஒரு சேனையைத் திரட்டிய பெருமகனின் வாழ்வை இம்மலரில் நினைவுகூர விழைகிறோம்.

கான் அப்துல் கபார் கான் 1890-ஆம் ஆண்டில், பெஷாவருக்கு அருகிலுள்ள உத்மான்சாய் கிராமத்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். பெஷாவர் மிஷன் பள்ளியில் பயின்றபோது, தலைமையாசிரியர் விக்ரம் என்ற ஆங்கிலேயப் போதகரின் தன்னலமற்ற தொண்டு அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. கடைசி மூச்சுவரை இஸ்லாமியராகவே வாழ்ந்த அவர், அந்த நன்றியை என்றும் மறக்கவில்லை.

கல்லாமையும் குலப்பகையுமே தம் மக்களின் பெரும் பிணிகள் என்று கண்டார். 1921-இல் தம் ஊரில் பள்ளி தொடங்கினார். 1929-இல் இறை ஊழியர் என்று பொருள்படும் 'குதாய் கித்மத்கார்' இயக்கத்தை நிறுவினார். வன்முறை தவிர்ப்பேன், பழி வாங்கேன், கொடுமை செய்தவரை மன்னிப்பேன் என ஒவ்வொருவரும் உறுதிமொழி எடுத்தனர். வெள்ளுடை விரைவில் அழுக்காவதால் செங்கல் நிறச் சாயம் தோய்த்து அணிந்தனர். அதனால் செஞ்சட்டையினர் எனப் பெயர் பெற்றனர்.

சோதனை விரைவிலேயே வந்தது. 1930 ஏப்ரல் 23-ஆம் நாள் கபார் கான் கைது செய்யப்பட்டார். அன்றே பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைவீதியில் கூடிய மக்கள்மீது துப்பாக்கிகள் வெடித்தன. நிராயுதபாணிகளைச் சுட மறுத்த கார்வால் படைவீரர்கள் கடுந்தண்டனை பெற்றனர். எத்தனை பேர் மாண்டனர் என்பதில் அரசின் கணக்கும் மக்களின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனால், வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்த நாட்டில் இயக்கத்தினர் அதைத் தேடிச் செல்லவில்லை என்பதே நாம் வியக்கத்தக்கது!

அந்நியர் ஆட்சி நீங்கியும் துன்பம் நீங்கவில்லை. பிரிவினையை எதிர்த்த கபார் கானைப் புதிய பாகிஸ்தான் அரசு 1948-இல் சிறையிலிட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 12-ஆம் நாள், அக்கைதுகளைக் கண்டித்துச் சார்சத்தாவை அடுத்த பாப்ரா கிராமத்தில் திரண்ட செஞ்சட்டையினர்மீது போலீசார் சுட்டனர். இறந்தோர் சுமார் 15 பேர் என்றது அரசாங்கம். பல நூறு பேர் என்றனர் இயக்கத்தினர். விரைவில் இயக்கமும் தடை செய்யப்பட்டது.

சிறைக்குள் இருந்த தலைவரின் வேதனையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். வெள்ளையன் சுட்டபோது அந்நியன் என்று மனத்தைத் தேற்றலாம். சொந்த நாட்டவரே சுட்டால் என் செய்வது? பழிவாங்குங்கள் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அந்த மலைநாடு பற்றி எரிந்திருக்கும். அச்சொல்லை அவர் சொல்லவில்லை. 1954-இல் விடுதலையான பின்னும் அறவழியிலேயே போராடி, மீண்டும் மீண்டும் சிறை சென்றார். இரு ஆட்சிகளிலுமாகச் சுமார் 30 ஆண்டுகள் அவர் வாழ்வு சிறையில் கழிந்தது.

இந்திய அரசு 1987-இல் அவருக்குப் பாரத ரத்னா விருது அளித்தது. 1988 ஜனவரி 20-ஆம் நாள் பெஷாவரில் உயிர் துறந்தார். அவர் விருப்பப்படி ஆப்கானிஸ்தானத்து ஜலாலாபாத்தில் அடக்கம் நடந்தது. அந்நாளில் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. இறுதி ஊர்வலத்தினரிடையேயும் குண்டுகள் வெடித்துப் பலர் மாண்டனர். அறவழி நடந்தவரைத் துப்பாக்கிகள் கல்லறை வரையிலும் தொடர்ந்தன.

அப்படியானால் அவர் தோற்றாரா? இல்லை என்றே நாம் சொல்வோம். சுடப்பட்டோரில் உயிர் தப்பியவர்கள் கொலைகாரராக மாறாமல் காத்தாரே, அதுவே அவர் வெற்றி. வரப்புத் தகராறுக்கும் வாய்ச்சண்டைக்கும் ஆண்டுக்கணக்கில் முகம் பாராமல் இருக்கும் நாம், அந்தப் பத்தான்களை எண்ணிப் பார்ப்போமாக.