லட்சுமிக்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டவர்: யார் இந்த ரவி வர்மா?

ஆரணியில் ஒரு தறிக்காரர் வீட்டுச் சுவரையோ, கடைவீதி பட்டு ஜவுளிக் கடையின் கல்லாப்பெட்டியையோ பாருங்க. தாமரை மேல நிக்கிற ஒரு லட்சுமி படம் இருக்கும். ஜரிகைக் கரை வச்ச புடவை, பக்கத்துல யானை. சாமின்னாலே இப்படித்தான்னு நமக்குப் பழகிப்போச்சு. ஆனா இந்தத் தோற்றத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரே ஓவியர். அவர்தான் ராஜா ரவி வர்மா.

1848-ல் கேரளாவின் கிளிமானூரில் பிறந்தவர். தஞ்சாவூர் பாணி ஓவியம் தெரிந்த மாமாதான் முதல் குரு. 14 வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே எண்ணெய் வண்ணம் தெரிந்தவர் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர். அவர் சொல்லித்தர மறுத்துவிட்டார். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமாக உதவினார் என்கிறார்கள் வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள். 1868-ல் வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும் பாடம் எடுக்கவில்லை. தான் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். தொழில் ரகசியத்தைப் பொத்திவைக்கிற பழக்கம் எல்லாத் தொழிலிலும் உண்டுதானே!

1873-ல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம். அதே ஆண்டு வியன்னாவிலும் பரிசு. அதுக்கப்புறம் மன்னர்கள் வரிசையில் நின்றார்கள்.

அந்தக் காலத்து ஜெர்மனியிலும் மற்ற ஐரோப்பிய நாடுகளிலும் 'வரலாற்று ஓவியம்' என்றால் தனி மரியாதை. பழைய போர், புராணக் கதை இதையெல்லாம் பெரிய கேன்வாஸில் நாடகம் மாதிரி வரைவார்கள். ரவி வர்மா அந்த முறையை எடுத்துக்கொண்டு சகுந்தலையையும் தமயந்தியையும் வரைந்தார். பரோடா மன்னர் 14 புராண ஓவியங்கள் கேட்டபோதுதான் சிக்கல் வந்தது. சீதைக்கு என்ன உடை? கேரள முண்டா, வட இந்தியப் பாவாடையா? தம்பி ராஜ ராஜ வர்மாவோடு வட இந்தியா முழுக்கச் சுற்றினார். கடைசியில் புடவையையே எடுத்துக்கொண்டார், பல படங்களில் மராட்டியக் கட்டு. பட்டின் மடிப்பும் ஜரிகையின் மினுமினுப்பும் எண்ணெய் வண்ணத்தில் அப்படியே தெரிந்தன. நெசவு தெரிந்தவர்கள் அந்தக் கரைகளைப் பார்த்தால் சும்மா தாண்டிப்போக முடியாது.

ஆனா அரண்மனைச் சுவரில் தொங்கும் படத்தை யார் பார்ப்பது? பிரதிகள் அச்சடிக்கலாமே என்று யோசனை சொன்னவர் கும்பகோணத்துக்காரரான திவான் டி.மாதவ ராவ். 1894-ல் மும்பையில் அச்சகம் தொடங்கியது. எந்திரமும் தொழில்நுட்பமும் ஜெர்மனியிலிருந்து வந்தவை. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல்லில் படத்தைத் தீட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிக்க வேண்டும். கோயிலுக்குள் விடாமல் தடுக்கப்பட்ட சாதியினர் வீட்டுக்குள்ளும் சாமி வந்தது. இதுதான் அவர் செய்ததிலேயே பெரிய காரியம்னு எனக்குத் தோணுது.

வியாபாரமாகப் பார்த்தால் அது நஷ்டம். மும்பையில் பிளேக் பரவியது, கடன் ஏறியது. அச்சகம் லோனாவாலா பக்கத்திலுள்ள மலவ்லிக்கு மாறியது. கடைசியில் அங்கே வேலை பார்த்த ஜெர்மன் தொழில்நுட்பர் ஃபிரிட்ஸ் ஷ்லைகரிடமே விற்றுவிட்டார்கள். பெயர் ரவி வர்மாவுடையது, லாபம் இன்னொருவருக்கு. தீப்பெட்டி லேபிள் வரை அந்தப் படங்கள் போயின. இதனாலேயே அவரை 'காலண்டர் ஓவியர்' என்று ஒதுக்கிய விமர்சகர்களும் உண்டு. அவருடைய பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி சிவப்பாக, மேல்தட்டுச் சாயலில் இருக்கிறார்கள் என்ற விமர்சனம் மட்டும் நியாயமானது.

1905-ல் தம்பி இறந்தார். அடுத்த ஆண்டு அக்டோபர் 2-ல் ரவி வர்மாவும் போய்விட்டார். 1979-ல் அவருடைய ஓவியங்கள் கலைப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டன. அசலை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

மைசூரு ஜெகன்மோகன் அரண்மனையில் 11 பெண்கள் இசைக்கருவிகளோடு இருக்கும் அவர் ஓவியம் ஒன்று உண்டு. ஆரணியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கும் காஞ்சிபுரத்தின் நெசவாளர்கள், 2008-ல் விற்பனைக்கு வந்த ஒரு பட்டுப்புடவையின் முந்தானையில் அதை அப்படியே நெய்தார்கள். விலை சுமார் 40 லட்சம் ரூபாய்.