சங்கம் வளர்த்த மதுரை வக்கீல்

மதுரை, சங்கம் வளர்த்த ஊர். பாண்டிய மன்னர்கள் அங்கே தமிழ்ச் சங்கம் வளர்த்தார்கள் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சொல்வார்கள்.

அதே மதுரையில் ஒரு வக்கீல் வேறொரு சங்கத்தை வளர்த்தார். அது புலவர்கள் சங்கம் அல்ல, தொண்டர்கள் சங்கம். அந்த வக்கீலின் பெயர் ஏ. வைத்தியநாத அய்யர்.

சங்கம் ஆரம்பிப்பது எளிது. பந்தல் போடலாம். மாலை போடலாம். முதல் கூட்டத்துக்கு நூறு பேர் வருவார்கள். ஆறாவது கூட்டத்துக்குத் தலைவரும் காரியதரிசியும் மட்டுமே வருவார்கள். சந்தாப் புத்தகத்தில் தூசி படியும். ஊருக்கு ஊர் நடக்கிற கதை இது.

வைத்தியநாத அய்யரின் சங்கம் இன்னும் கஷ்டமானது. அதில் சேர்ந்தவர்களுக்கு மாலை கிடைக்காது. உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் இடம் கிடைக்காமலும் போகலாம். அப்படிப்பட்ட சங்கத்துக்கு அவர் ஆள் சேர்த்தார். சேர்ந்தவர்கள் அவரை விட்டுப் போகாமலும் பார்த்துக்கொண்டார். எப்படி? அந்த ரகசியம் அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது.

அடிபட்ட தலைவர்

வைத்தியநாத அய்யர் 16-5-1890 அன்று தஞ்சை மாவட்டத்து விஷ்ணம்பேட்டையில் பிறந்தார். படித்து வக்கீலாகி, மதுரையில் தொழில் நடத்தினார். நல்ல பெயர். நல்ல வருமானம். மனைவி அகிலாண்டம்மாள், குழந்தைகள் என்று நிறைந்த குடும்பம். அவர் நினைத்திருந்தால் சுகமாக வாழ்ந்திருக்கலாம்.

ஆனால் காந்தியடிகளின் இயக்கம் அவரை இழுத்தது. 1930-ஆம் ஆண்டு வேதாரண்யத்தில் ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்தது. வைத்தியநாத அய்யரும் அங்கே போனார். தடையை மீறிப் பேசினார். போலீசார் அவரை அடித்தார்கள். தரையில் இழுத்துச் சென்றார்கள். சிறையிலும் அடைத்தார்கள்.

மதுரைக்காரர்கள் இதைக் கேள்விப்பட்டார்கள். இந்த மனிதர் பிறரை முன்னே அனுப்பிவிட்டுத் தாம் பின்னே நிற்கிறவர் அல்ல என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. சங்கத்துக்கு ஆள் சேர்க்க இதைவிட நல்ல விளம்பரம் உண்டா?

விசித்திரமான சங்கம்

1932-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் எரவாடா சிறையில் காந்தியடிகள் உண்ணாவிரதம் இருந்தார். பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. அதை அடுத்துத் தீண்டாமையை ஒழிப்பதற்காக ஒரு சங்கம் பிறந்தது. அதுதான் ஹரிஜன சேவா சங்கம். தொழிலதிபர் பிர்லா தலைவர். தக்கர் பாபா காரியதரிசி. தமிழ்நாட்டில் அதன் பொறுப்பை வைத்தியநாத அய்யர் ஏற்றுப் பல ஆண்டுகள் தலைவராக இருந்தார்.

இந்தச் சங்கத்தில் சேர ஒரு நிபந்தனை உண்டு. பிறப்பினால் யாரையும் தாழ்ந்தவராக நினைப்பதில்லை என்று உறுதி கூற வேண்டும். பிறகு வேலை செய்ய வேண்டும். சேரிகளுக்குப் போக வேண்டும். கிணறு வெட்ட வேண்டும். பள்ளிக்கூடம் நடத்த வேண்டும். படிக்கிற பிள்ளைகளுக்கு விடுதி அமைக்க வேண்டும்.

சாதி இந்துக்கள் செய்த பாவத்துக்கு அவர்களே பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்பது காந்தியடிகளின் கருத்து. ஆகவே சங்கத்தின் நிர்வாகம் பெரும்பாலும் அவர்கள் கையிலேயே இருந்தது. டாக்டர் அம்பேத்கர் இதைக் கண்டித்தார். யாருக்காகச் சங்கமோ, அவர்களுக்கு நிர்வாகத்தில் இடம் இல்லையே என்பது அவருடைய குறை. அவர் சங்கத்தை விட்டு விலகினார்.

அந்தக் குறையில் நியாயம் இருந்தது. உதவி வாங்குகிறவர் என்றும் வாங்குகிறவராகவே இருந்தால், அவருக்கு அது எப்படிச் சொந்தச் சங்கம் ஆகும்?

வீடே சங்கம்

மதுரையில் வைத்தியநாத அய்யர் என்ன செய்தார் தெரியுமா? தம் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

அந்தக் காலத்தில் தாழ்த்தப்பட்டவர்கள் அக்கிரகாரத் தெருவில் நடக்கவே தயங்குவார்கள். அவருடைய வீட்டிலோ அவர்கள் உள்ளே வந்தார்கள், உட்கார்ந்தார்கள், வீட்டாரோடு சாப்பிட்டார்கள். அகிலாண்டம்மாள் முகம் சுளிக்கவில்லை. வந்தவர்களைத் தம் பிள்ளைகளைப் போல நடத்தினார்.

மேடையில் சமத்துவம் பேசுவது சுலபம். வீட்டு அடுக்களையில் அதைக் காட்டுவதுதான் கஷ்டம். அந்த வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டவர்களுக்குச் சங்கத்தின் கொள்கையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தும்பைப்பட்டி இளைஞர்

மதுரைக்கு வடகிழக்கே, பெரியாற்றுக் கால்வாய் பாயும் வயல்களுக்கு நடுவே மேலூர் இருக்கிறது. அதை அடுத்த சிற்றூர் தும்பைப்பட்டி. 1908-ஆம் ஆண்டு அங்கே ஒரு தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் கக்கன் பிறந்தார். மேலூர்ப் பக்கத்துச் சேரிகளில் இரவுப் பள்ளிகள் நடத்தி, ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்.

வைத்தியநாத அய்யரின் பார்வை இந்த இளைஞர்மீது விழுந்தது. பாராட்டிவிட்டு அவர் போய்விடவில்லை. பொறுப்பைக் கையில் கொடுத்தார். மேலூர் மாணவர் விடுதியைக் கவனிக்கும் வேலை கக்கனிடம் வந்தது. வீட்டிலும் அவர் ஒரு பிள்ளையைப் போல ஆனார்.

இங்கேதான் அய்யரின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. அங்கத்தினருக்கு நாற்காலி கொடுத்தால் ஒரு நாள் உட்கார்ந்திருப்பார். வேலை கொடுத்தால் மறுநாளும் வருவார். தம் இனத்துப் பிள்ளைகளைத் தாமே காக்கும் வேலையைக் கொடுத்தால் வாழ்நாள் முழுவதும் நிற்பார்.

கோவில் கதவு திறந்தது

1936-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் திருவிதாங்கூர் மன்னர் தம் அரசின் கோவில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டார். மதுரையில் அப்படி உத்தரவு போட மன்னர் இல்லை. மக்கள் மனம் மாற வேண்டும். சங்கத்தார் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசினார்கள்.

8-7-1939 காலை. வைத்தியநாத அய்யர் மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் நுழைந்தார். அவரோடு கக்கனும் மற்றத் தாழ்த்தப்பட்ட தோழர்களும், நாடார் குலத்தவர் ஒருவரும் போனார்கள். சங்கத்தின் ஊழியர் எல்.என். கோபாலசாமி உடன் இருந்தார். கோவில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். அம்மனைக் கும்பிட்டு அமைதியாக வெளியே வந்தார்கள். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரும் இந்த முயற்சிக்கு ஆதரவாக நின்றார்.

பிறகுதான் புயல் அடித்தது. பட்டர்கள் சிலர் பூஜை செய்ய மறுத்தார்கள். சனாதனிகள் கோவிலைப் புறக்கணித்தார்கள். கோர்ட்டுக்கும் போனார்கள். அய்யரின் சொந்தச் சாதியாரிலேயே பலர் அவரை ஒதுக்கினார்கள். உள்ளே போனவர்கள்மீது நடவடிக்கை வராமலிருக்க, ராஜாஜியின் சர்க்கார் அதே ஆண்டு பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது.

சங்கங்கள் உடைவது இப்படிப்பட்ட நேரத்தில்தான். ஊர் ஏசும்போது அங்கத்தினர் மெல்ல நழுவுவார்கள். ஆனால் இங்கே அதிக ஏச்சை வாங்கியவர் தலைவரே. அதிக நஷ்டம் பட்டவரும் அவரே. அதைக் கண்ணால் பார்த்த தொண்டர்கள் எப்படி நழுவுவார்கள்?

தீண்டாமை இருந்த கோவிலுக்குள் போகாமலிருந்த காந்தியடிகள், 1946-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்தபோது மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் சென்றார். 1947-இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது.

விதைத்தது முளைத்தது

1955-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வைத்தியநாத அய்யர் காலமானார். 1999-இல் இந்திய அரசு அவர் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது.

தபால் தலையைவிடப் பெரிய நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. அது கக்கனின் வாழ்க்கை. இரவுப் பள்ளி நடத்திய அந்த இளைஞர் 1952-இல் லோக் சபை உறுப்பினர் ஆனார். 1957 முதல் 1967 வரை காமராஜர், பக்தவத்சலம் மந்திரி சபைகளில் இருந்தார். போலீஸ் இலாகாவையும் நிர்வகித்தார். பதவி போன பிறகு சொத்து எதுவும் இல்லாமல் எளிமையாக வாழ்ந்து 1981-இல் மறைந்தார். நேர்மை என்றால் கக்கன் என்று இன்றும் தமிழ்நாடு சொல்கிறது.

இன்றும் நம் ஊர்களில் எத்தனையோ நற்பணி மன்றங்கள் இருக்கின்றன. ஆள் வரவில்லையே, வந்தவர்கள் தங்கவில்லையே என்று அதன் தலைவர்கள் வருந்துகிறார்கள். அவர்கள் சந்தாப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இந்த மதுரை வக்கீலை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கட்டும். அவர் முதல் அடியைத் தாம் வாங்கினார். முதல் சோற்றைப் பிறருக்குப் போட்டார். முக்கியமான வேலையை இளைஞர் கையில் கொடுத்தார்.

கூப்பிட்டால் ஜனங்கள் வருவார்கள். கூடவே உட்கார்ந்து சாப்பிட்டால்தான் தங்குவார்கள்.