ஊடுகதிர் கண்ட இராண்ட்ஜென்

வில்லெம் இராண்ட்ஜென் 1845ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்தார். நெதர்லாந்தில் பயின்றபோது, ஆசிரியரைக் கேலிச்சித்திரமாக வரைந்த மாணவனைக் காட்டிக்கொடுக்க மறுத்ததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். ஆயினும் கல்வியைக் கைவிடாது சூரிச் நகரில் பயின்று, பின்னர் இயற்பியல் பேராசிரியராக உயர்ந்தார்.

1895 நவம்பர் 8ஆம் நாள், வூர்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வகத்தில், கறுப்பு அட்டையால் மூடிய கண்ணாடிக் குழாயில் மின்சாரத்தைச் செலுத்தினார். அப்பால் இருந்த, வேதிப்பொருள் பூசிய திரை ஒளிர்ந்தது! அட்டையை ஊடுருவிய கதிரின் தன்மை அறியப்படாததால் அதற்கு எக்ஸ் கதிர் எனப் பெயரிட்டார். தமிழில் அது ஊடுகதிர் எனப்படும். சில வாரங்களில் தம் மனைவி பெர்த்தாவின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் அதில் தெளிவாகத் தெரிந்தன.

எலும்பு ஊடுகதிரை மிகுதியாகத் தடுக்கும். ஆகவே இன்றைய ஊடுகதிர்ப் படத்தில் அது வெண்மையாகத் தோன்றும். காற்று நிறைந்த நுரையீரல் குறைவாகத் தடுப்பதால் கருமையாகத் தோன்றும்.

1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. பரிசுத்தொகையைத் தம் பல்கலைக்கழகத்திற்கே அளித்தார். காப்புரிமை பெற்றிருந்தால் பெருஞ்செல்வர் ஆகியிருப்பார். எனினும் தம் கண்டுபிடிப்பு எல்லோருக்கும் பயன்பட வேண்டும் எனக் கருதி அதனைப் பெறவில்லை. 1923இல் அவர் மறைந்தார். அவர் கண்ட கதிரோ இன்றும் உலகெங்கும் நோயாளிகளுக்கு உதவுகிறது.