ரோசாப்பூ துரை

மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி வட்டாரத்தில், ரோசாப்பூ என்று பெயர் சூட்டப்பட்ட ஆண்கள் உண்டு. பூவின் மேல் கொண்ட ஆசையால் இட்ட பெயரன்று. கோட்டில் ரோசாப்பூ செருகி நீதிமன்றம் வந்த ஒரு வழக்கறிஞரின் நினைவாக இட்ட பெயர் அது. அவர்தாம் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்.

திருவிதாங்கூரைச் சேர்ந்த செங்கன்னூரில், 1887 ஜூன் 5ஆம் நாள், பழமையான சிரியன் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். ஊரைச் சொல்லி இகழப்பட்ட நாசரேத்துத் தச்சரை ஆண்டவராக ஏற்ற சமூகம் அது. ஆயினும் குலப்பெருமை அச்சமூகத்தையும் விட்டபாடில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, எடின்பரோ, இலண்டன் எனப் பயின்று 1909இல் தாயகம் திரும்பியவர், பின்னர் மதுரையைத் தம் ஊராக்கிக் கொண்டார். 1918இல் இங்கு ஆலைத் தொழிலாளர் சங்கம் அமைய முன்நின்றார்.

அக்காலத்தில் நம் சுற்றுப்புறச் சிற்றூர்களில் குற்றப் பரம்பரைச் சட்டம் ஆட்சி செய்தது. மக்கள் அதனைக் கைரேகைச் சட்டம் என்றனர். கள்ளர் குடியில் பிறந்தான் என்பதே குற்றம்! களவையே அறியாத உழவனும் விரல் ரேகை பதிக்க வேண்டும். இரவில் காவலரின் கண்பார்வையில் படுக்க வேண்டும். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டுப் பெற வேண்டும். மணமான இளைஞனுக்கும் இதே கதிதான். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் காவல்துறை சுட்டது. மாண்டோர் 16 பேர். அவர்களுள் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர்.

இம்மக்களுக்காக ஜார்ஜ் ஜோசப் நீதிமன்றத்தில் வாதாடினார், ஏடுகளில் எழுதினார். ஒருவன் செய்த களவுக்கு ஒரு குலத்தையே கூண்டிலேற்றுவதை அவர் ஏற்கவில்லை. கோட்டும் ஆங்கிலமுமாக வந்த அவரைத் துரை என்றே அழைத்தனர் சிற்றூர் மக்கள். வெள்ளைத் துரைகள் பறித்த மதிப்பை மீட்க வந்தவருக்கும் அதே பட்டமா என்று நமக்கு வியப்பாயிருக்கலாம். அவர்கள் அதை அன்பினால் சொன்னார்கள்.

பிறப்பைக் காட்டி விலக்கும் வழக்கம் அவரையும் தீண்டாமல் விடவில்லை. 1924இல் வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் தொடங்கியபோது அதில் முன்நின்றார். அது இந்துக்கள் தாமே துடைக்க வேண்டிய களங்கம், கிறிஸ்தவர் விலகியிருக்க வேண்டும் என்று காந்தியடிகள் கருதினார். 1919இல் மதுரை வந்தபோது ஜார்ஜ் ஜோசப்பின் இல்லத்தில் தங்கிய அதே காந்தியடிகள்! பொதுத் தெருவில் நடப்பது குடிமகனின் உரிமை. அதற்குப் போராடச் சமயம் எதற்கு என்பது இவர் எண்ணம். என் சிறு அறிவுக்கு இவர் பக்கமே நியாயம் தோன்றுகிறது. அவர் விலகவில்லை, கைதாகிச் சிறை சென்றார்.

பிற்காலத்தில் காங்கிரசை விட்டு நீதிக்கட்சிக்குச் சென்றார். மீண்டும் காங்கிரசுக்கே திரும்பினார். 1937இல் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறு ஆண்டு மார்ச் 5ஆம் நாள் மதுரை அமெரிக்கன் மிஷன் மருத்துவமனையில் காலமானார். வயது ஐம்பதுதான்.

கைரேகைச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது 1947இல். அதைக் காண அவர் இல்லை. வில்லாபுரத்திலிருந்து நகருக்குள் வரும் நாம் அடிக்கடி கடக்கும் கீழவாசலில், கல்லறைத் தோட்டத்தில் உறங்குகிறார்.