அசைவுகளை எண்ணிய கொத்தனார்

உழைப்பு வேறு, அலைச்சல் வேறு. இதைத் தொழிலுலகுக்கு உணர்த்தியவர் அமெரிக்கரான ஃபிராங்க் கில்பிரெத்.

1868-இல் மெயின் மாகாணத்தில் பிறந்த அவர், சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். 17-ஆம் வயதில் கொத்துவேலை பழகச் சென்றார். செங்கல் எடுக்க ஒவ்வொரு முறையும் கொத்தனார்கள் தரைவரை குனிந்து நிமிர்வதைக் கண்டார். செங்கல்லும் சாந்தும் கைக்கெட்டும் உயரத்தில் இருக்க, சுவரோடு சேர்ந்து உயரும் சாரத்தை வடிவமைத்தார். செங்கல் ஒன்றுக்கு 18-ஆக இருந்த அசைவுகள் ஐந்துக்கும் கீழே குறைந்தன. மணிக்கு 120 செங்கல் வைத்தவர்கள் 350 வைத்தனர்.

பின்னர், உளவியல் அறிஞரான மனைவி லில்லியனுடன் இணைந்து, தொழிலாளரின் கையசைவுகளைப் படச்சுருளில் பதிந்து ஆராய்ந்தார். சமகாலத்தவரான டெய்லர் கடிகாரத்தைப் பார்த்தார். இத்தம்பதியரோ களைப்பைப் பார்த்தனர். 1916-இல் களைப்பைப் பற்றியே தனி நூல் வெளியிட்டனர். 1924-இல், 55-ஆம் வயதில், கில்பிரெத் மறைந்தார். லில்லியன் அப்பணியைப் பல்லாண்டு தொடர்ந்தார்.

பாடியின் சுந்தரம் கிளேட்டன் 1998-இல் டெமிங் விருது பெற்றபோது, உலகத்தரம் நம் மண்ணிலும் சாத்தியமே என்பது உறுதியானது. ஆனால், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளின் சிறு பட்டறைகளுக்கும் கில்பிரெத்தின் பாடம் சென்றுசேர வேண்டும். இதற்குப் பெருமுதலீடு வேண்டியதில்லை. கருவிகளைக் கைக்கருகே அடுக்க ஒரு பலகை போதும்.

எனினும், மிச்சமாகும் நேரம் முழுவதும் உற்பத்தி இலக்கை உயர்த்தவே செலவானால், அலைச்சல் போய் அவசரம் வந்ததாகவே முடியும். அதில் ஒரு பங்கு ஓய்வாகவும் ஊதியமாகவும் தொழிலாளியைச் சேர்வதே நியாயம்.