பைத்தியத்தின் வேரைச் சோற்றுத் தட்டில் கண்ட டாக்டர்

ஒருவருக்குப் புத்தி பேதலித்துவிட்டால் பேய் பிடித்துவிட்டது என்பார்கள், செய்வினை என்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள் அதிர்ச்சி என்றோ பரம்பரை என்றோ சொல்வார்கள். அவர் இத்தனை நாளும் என்ன சாப்பிட்டு வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் ஒரு டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். பதினைந்து ஆண்டுகள் அதன் பின்னாலேயே அலைந்தார். பல்லாயிரம் ஏழைகளைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கும் சுடுகாட்டுக்கும் அனுப்பிக்கொண்டிருந்த ஒரு நோயின் வேரைக் கண்டார். அவர் பெயர் ஜோசப் கோல்ட்பர்கர்.

அந்த நோயின் பெயர் பெல்லாக்ரா. முதலில் வெயில் படும் இடங்களில் தோல் சிவந்து, கறுத்து, செதில் செதிலாக உரியும். கழுத்தைச் சுற்றி மாலை போட்டாற்போல் தடம் விழும். பிறகு வயிற்றுப்போக்கு வரும். அதன் பின் தூக்கம் போகும், பயம் பிடிக்கும், இல்லாத குரல்கள் கேட்கும், சொந்தப் பிள்ளையின் முகமே மறந்துபோகும். கடைசியில் மரணம். ஸ்பெயின் நாட்டில் காசால் என்ற டாக்டர் 1735-லேயே இதைக் கவனித்து எழுதினார். இத்தாலியில் 1771-இல் பெல்லாக்ரா என்று பெயர் வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இது பெருநோயாகப் பரவியது. அங்கிருந்த மனநோய் விடுதிகள் பெல்லாக்ரா நோயாளிகளால் நிரம்பின.

மளிகைக் கடைப் பையன்

கோல்ட்பர்கர் 1874 ஜூலை 16 அன்று, இன்று சுலோவாக்கியா எனப்படும் நாட்டில், ஒரு சிற்றூரில் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யத்தின் பகுதி. ஆடு வளர்த்துப் பிழைத்த யூதக் குடும்பம். பிழைப்பு நொடித்ததும் குடும்பம் கப்பலேறி நியூயார்க் வந்தது. ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பேட்டையில் தந்தை சிறு மளிகைக் கடை வைத்தார். வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பது பையனின் வேலை. எந்த வீட்டில் எவ்வளவு சாமான் போகிறது, எந்த வீட்டில் கடன் நிற்கிறது என்பது அவருக்குச் சிறுவயதிலேயே தெரியும். பின்னாளில் இந்த அனுபவம் வீண்போகவில்லை.

என்ஜினீயராக வேண்டும் என்றுதான் கல்லூரியில் சேர்ந்தார். தற்செயலாக ஒரு மருத்துவப் பேராசிரியரின் சொற்பொழிவைக் கேட்டார். மனம் மாறியது. 1895-இல் டாக்டர் பட்டம் பெற்றார். சொந்தமாக வைத்தியம் செய்து பார்த்தார், சலித்துப்போனது. 1899-இல் அரசாங்கத்தின் பொதுச் சுகாதாரப் பணியில் சேர்ந்தார்.

கொள்ளை நோய் எங்கே கிளம்பினாலும் அங்கே அவரை அனுப்பினார்கள். மஞ்சள் காய்ச்சலை ஆராயப் போனார், அது அவரையே பிடித்தது. டெங்கு காய்ச்சலும் பிடித்தது, டைபஸ் காய்ச்சலும் பிடித்தது. மூன்றிலும் பிழைத்தார். 1906-இல் மேரி ஃபாரர் என்ற பெண்ணை மணந்தார். அவர் யூதர், மணப்பெண் கிறிஸ்தவக் குடும்பம். இரு வீட்டாருக்கும் சம்மதமில்லை. ஆயினும் கடைசிவரை அந்த அம்மையார் கணவருக்குத் துணை நின்றார். எப்படிப்பட்ட துணை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

தாதியருக்கு ஏன் வரவில்லை?

1914-இல் பெல்லாக்ரா ஆராய்ச்சியை அரசாங்கம் கோல்ட்பர்கரிடம் ஒப்படைத்தது. அது கிருமியால் தொற்றும் நோய் என்றே அன்றைய டாக்டர்களில் பெரும்பாலோர் நம்பினார்கள். 1912-இல் தென் கரோலினா மாநிலத்தில் வேலை தொடங்கிய ஓர் ஆராய்ச்சிக் குழுவும் அப்படித்தான் முடிவு கட்டியது. பரம்பரைக் கோளாறு என்று சொன்னவர்களும் உண்டு.

கோல்ட்பர்கர் தென் மாநிலங்களின் மனநோய் விடுதிகளையும் அனாதை இல்லங்களையும் சுற்றி வந்தார். ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நோயாளிகளுக்குப் பெல்லாக்ரா வருகிறது. அவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, அவர்களோடு அதே கட்டடத்தில் இருக்கும் தாதியருக்கும் காவலாளிகளுக்கும் வருவதில்லை. தொற்றுநோய் என்றால் ஆள் பார்த்தா தொற்றும்?

மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் ஓர் அனாதை இல்லம். 211 பிள்ளைகளில் 68 பேருக்குப் பெல்லாக்ரா. ஏறக்குறைய எல்லாரும் 6 வயது முதல் 12 வயதுக்குள் இருந்தவர்கள். சின்னக் குழந்தைகளுக்கு நோய் இல்லை, பெரிய பிள்ளைகளுக்கும் இல்லை. விசாரித்ததில் விடை கிடைத்தது. குழந்தைகள் என்பதால் சிறியவர்களுக்குப் பால் கொடுத்தார்கள். வேலை செய்கிறார்கள் என்பதால் பெரியவர்களுக்கு இறைச்சி கிடைத்தது. நடுவில் இருந்தவர்களுக்கு மக்காச்சோள மாவும் வெல்லப்பாகும்தான் பிரதானம். தெற்கத்தி ஏழைகளின் சாப்பாடும் இதேதான். மக்காச்சோள மாவு, வெல்லப்பாகு, கொஞ்சம் பன்றிக் கொழுப்பு.

அரசாங்கப் பணத்தில் அந்த இல்லத்திலும் இன்னோர் இல்லத்திலும் பாலும் முட்டையும் இறைச்சியும் பயறும் தாராளமாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார். மறு ஆண்டு பெல்லாக்ரா போன இடம் தெரியவில்லை. ஜார்ஜியா மாநிலத்தில் மில்லெட்ஜ்வில் நகரின் பெரிய மனநோய் விடுதியிலும் சில வார்டுகளில் இதே சோதனை நடந்தது, இதே பலன் கிடைத்தது. பின்னர் பணம் தீர்ந்து பழைய சாப்பாடு திரும்பிய இடத்தில் நோயும் கூடவே திரும்பியது.

சிறையில் ஒரு சோதனை

நல்ல சாப்பாடு நோயைத் தடுக்கிறது என்பது சரி. கெட்ட சாப்பாடு நோயைக் கொண்டுவருமா? அதையும் காட்டினால்தான் எதிரிகள் வாய் மூடுவார்கள். மிசிசிப்பி கவர்னர் உதவிக்கு வந்தார். ராங்கின் சிறைப்பண்ணையில் 12 கைதிகள் சோதனைக்கு முன்வந்தார்கள். முடிவில் விடுதலை என்பது ஒப்பந்தம்.

1915 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அவர்களுக்கு மக்காச்சோளம், மைதா, அரிசி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பாகு, கொஞ்சம் கீரை. இறைச்சி இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை. வயிறு நிறையத்தான் சாப்பிட்டார்கள். நடுவில் ஒருவர் விலகினார். மீதி 11 பேரில் 6 பேருக்குப் பெல்லாக்ராவின் தோல் அடையாளம் தோன்றியது. அதே பண்ணையில் வழக்கமான சாப்பாடு சாப்பிட்ட மற்றக் கைதிகளில் ஒருவருக்கும் வரவில்லை.

விடுதலை ஆசை காட்டிக் கைதிகளை நோயாளி ஆக்குவதை இன்றைய மருத்துவ நெறிகள் அனுமதிக்காது. அதையும் சொல்லியாக வேண்டும்.

அருவருப்பை விழுங்கியவர்கள்

அப்படியும் கிருமிக் கட்சியினர் விடவில்லை. கோல்ட்பர்கர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். அது அவருடைய உடம்பு. 1916-இல் பெல்லாக்ரா நோயாளிகளின் ரத்தத்தை எடுத்துத் தமக்கு ஊசி போட்டுக்கொண்டார். அவர்களுடைய மூக்குச் சளியை எடுத்துத் தம் மூக்கில் தடவிக்கொண்டார். தோல் செதில்களையும் மலமூத்திரத்தையும் மாவோடு பிசைந்து உருண்டையாக்கி விழுங்கினார். வயிற்றின் அமிலம் கிருமியைக் கொன்றுவிட்டது என்று நாளை யாரும் சொல்லக்கூடாதே என்று, முன்னதாகச் சோடா உப்பையும் சாப்பிட்டுக்கொண்டார்.

மொத்தம் 16 பேர் இந்தச் சோதனைகளில் பங்கு கொண்டார்கள். அவர்களில் ஒரே பெண், மனைவி மேரி. மாத்திரையை விழுங்க அவரை விடவில்லை. இறந்துகொண்டிருந்த ஒரு நோயாளியின் ரத்தத்தை ஊசி வழியாக ஏற்றுக்கொண்டார். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்த காலம் அது. குமட்டலும் பேதியும் சிலருக்கு வந்தன. பெல்லாக்ரா ஒருவருக்கும் வரவில்லை.

கடைக் கணக்கு சொன்ன உண்மை

ஏழைகள் ஏன் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள்? அறியாமையாலா? இதற்கு விடை தேட, பொருளாதார நிபுணரான எட்கர் சைடன்ஸ்டிரிக்கரைச் சேர்த்துக்கொண்டார். 1916-இல் தென் கரோலினாவில் ஏழு பஞ்சாலைக் கிராமங்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். இந்த வீட்டில் பதினைந்து நாளில் எத்தனை ராத்தல் மாவு வாங்கினார்கள், எவ்வளவு பால், எவ்வளவு இறைச்சி, வருமானம் என்ன, யாருக்கு நோய் என்று ஒவ்வொன்றையும் பதிந்தார்கள். பேரேடு எழுதும் குமாஸ்தாவின் வேலைதான். அதிலிருந்துதான் உண்மை வெளிவந்தது. வருமானம் ஏற ஏறப் பெல்லாக்ரா குறைந்தது. வருமானம் குறையக் குறைய அது பெருகியது. வருமானம் ஒன்றாக இருந்த கிராமங்களிலும், பக்கத்தில் காய்கறி, பால், இறைச்சி கிடைத்த இடத்தில் நோய் குறைவு. நாலாபுறமும் பருத்தியே விதைத்திருந்த இடத்தில் அதிகம்.

பருத்தி பணப்பயிர். குத்தகை விவசாயி வீட்டு வாசல்வரை பருத்தி நட்டான். காய்கறிக்கும் மாட்டுக்கும் இடமில்லை. பருத்தி விலை விழுந்தால் அவன் தட்டில் இருந்த கொஞ்சநஞ்சமும் போயிற்று.

1920-இல் பருத்தி விலை சரிந்தது. பெல்லாக்ரா பெருகப்போகிறது என்று 1921-இல் அரசாங்கம் எச்சரித்தது. ஜனாதிபதி ஹார்டிங்கும் உதவிக்கு அழைப்பு விடுத்தார். தெற்கத்தி அரசியல்வாதிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் கோபம் வந்தது. எங்கள் ஊரில் பஞ்சமும் இல்லை, பட்டினியும் இல்லை என்று மறுத்தார்கள். ஊர் மானம் போகிறது, முதலீடு வராது என்ற கவலை. கிருமி என்றால் யார்மீதும் பழியில்லை. வறுமை என்றால் கூலியைப் பற்றிப் பேச வேண்டும், நிலத்தைப் பற்றிப் பேச வேண்டும். அதனால்தான் அந்த உண்மை அத்தனை கசந்தது.

மலிவு மருந்து

கூலியை உயர்த்த ஒரு டாக்டரால் முடியாது. ஆகவே மலிவான மருந்து ஒன்றைத் தேடினார். நாய்களுக்கு வரும் கருநாக்கு நோய் பெல்லாக்ராவின் உடன்பிறப்பு என்று கண்டு, அவற்றை வைத்து ஆராய்ந்தார். மது வடிக்கும் ஆலைகளில் பயன்படும் ஈஸ்ட், சில காசு செலவில் நோயைத் தடுத்தது. 1927-இல் மிசிசிப்பி ஆறு பெருகி லட்சக்கணக்கானோர் முகாம்களில் தவித்தபோது, அவர் யோசனைப்படி செஞ்சிலுவைச் சங்கம் ஆயிரக்கணக்கான ராத்தல் ஈஸ்டை வழங்கியது.

ஈஸ்டிலும் பாலிலும் இறைச்சியிலும் நோயைத் தடுக்கும் அந்தப் பொருள் என்ன? அதை அறிய அவருக்கு ஆயுள் போதவில்லை. சிறுநீரகத்தில் புற்றுநோய் வந்து 1929 ஜனவரி 17 அன்று காலமானார். வயது 54. அஸ்தி பொட்டோமாக் ஆற்றில் கரைக்கப்பட்டது. நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டும் கிடைக்கவில்லை.

எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1937-இல், கான்ராட் எல்வெஜெம் என்ற விஞ்ஞானி அந்தப் பொருளைக் கண்டார். நிகோடினிக் அமிலம் எனப்படும் நியாசின். பி வைட்டமின்களில் ஒன்று. மனம் கலங்கிக் கிடந்த பெல்லாக்ரா நோயாளிகளுக்கு அதைக் கொடுத்ததும், பலர் சில நாட்களிலேயே தெளிந்து, வீட்டாரை அடையாளம் கண்டு பேசினார்கள். பைத்தியம் என்று பூட்டி வைக்கப்பட்டவர்களுக்கு இல்லாமல் போனது ஒரு வைட்டமின். மக்காச்சோளத்தில் நியாசின் இருந்தாலும் உடம்புக்குச் சேராதபடி கட்டுண்டு கிடக்கிறது. மெக்சிகோவின் பழங்குடிகள் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அந்தக் கட்டை அவிழ்த்தார்கள். தானியத்தைக் கொண்டுபோன மற்ற நாட்டார் சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள்.

நம் நாட்டில்

நம் தக்காணப் பகுதியிலும் பெல்லாக்ரா இருந்தது. இங்கே ஜவார் எனப்படும் சோளமே முழு உணவாக இருந்த கூலித் தொழிலாளரை அது பிடித்தது. 1918-இல் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதை ஆராய்ந்தார். குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறிய பிறகு, சோளத்தில் மிகுந்திருக்கும் லியூசின் என்ற பொருளே காரணம் என்று அவரும் டாக்டர் ஸ்ரீகாந்தியாவும் 1960-இல் எழுதினார்கள். அந்தக் கருத்தைப் பற்றி விஞ்ஞானிகளிடையே விவாதம் நடந்தது. ஆனால் ஒரே தானியத்தோடு காலம் தள்ளும் வறுமை ஆபத்தானது என்பதில் விவாதமில்லை. பருப்பும் பாலும் கொஞ்சம் சேர்ந்த வீட்டில் சோள ரொட்டி யாரையும் கெடுப்பதில்லை.

இன்று நம் நாட்டில் பெல்லாக்ரா அரிது. ஆனால் அடியோடு போய்விடவில்லை. சோற்றை மறந்து சாராயத்தையே உணவாக்கிக்கொண்டவர்களிடம் டாக்டர்கள் இதை இன்றும் பார்க்கிறார்கள். தைராய்டு சுரப்பி கெட்டாலும் மனம் சோர்ந்து போகும், பி-12 வைட்டமின் குறைந்தாலும் நினைவு தடுமாறும். ஆகவே வீட்டில் ஒருவர் மனம் தடுமாறினால் மந்திரவாதியைத் தேட வேண்டாம். டாக்டரிடம் போங்கள். அவர் என்ன சாப்பிடுகிறார், என்ன குடிக்கிறார், உடம்பில் வேறு என்ன நோய் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எல்லா மனநோயும் சத்துக் குறைவால் வருவதில்லை. ஆனால் அப்படி வந்த ஒன்றைத் தெரியாமல் விட்டு எத்தனை ஆயிரம் உயிர்களை உலகம் இழந்தது என்பதற்கு, மளிகைக் கடைப் பையனாக வளர்ந்த அந்த டாக்டரின் வாழ்க்கையே சாட்சி.